சொர்க்கத்துக்கு ஒரு டிக்கெட்

வாங்க மருமவனே. நார்வேக்குப் போறீகளாம்லா? கம்பெனியே டிக்கெட் எடுக்குதாம், குளிருக்குக் கோட்டு குடுக்குதாம், பாஷைக்கு வாத்தியாரும் வச்சிருக்காம். கேக்கவே மனசு குளிருது. ராத்திரி கதவச் சாத்திக்கிட்டு நீ முக்கி முனங்குறது ஹால்ல படுத்திருக்க எனக்கு நல்லாவே கேக்குது. பிள்ளைக்கு வயித்து வலியான்னு உங்க அத்தை பதறிப்போயி ஓமத்தண்ணி போட எந்திரிச்சா. நாந்தான் தடுத்தேன். "வலியெல்லாம் இல்ல, பய அழுத்தம் பழகுதான்"னு சொன்னேன்.

நேத்து சோத்துல ரசத்த ஊத்துறப்போ எனக்கே பாடம் எடுத்தே. "நார்வேக்காரன் ரெண்டு சொல்லு மூணு சொல்ல ஒட்டி ஒரே சொல்லா எழுதிருவான் மாமா. எங்க வெட்டி வாசிக்கணும், எந்த அசையில அழுத்தணும்ங்கிறதுலதான் சூட்சுமம் இருக்கு"ன்னே. கேட்டுக்கிட்டிருந்த எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. புனேயில ஒரு பஸ் ஸ்டாண்டு பேர வெட்டத் தெரியாத பிள்ளை, வடதுருவத்துக்குப் பக்கத்துல போயி வெட்டப் போகுதேன்னு.

முகத்தத் தூக்காதே. உன் கூட வந்த பய எல்லாத்தையும் சொல்லிட்டான். ஊருக்கு வந்த புதுசுல பஸ்ஸுல ஏறி, கையில போனை வச்சுப் பாத்துக்கிட்டு, "ஏக் ஸ்வர்கதே"ன்னு கேட்டியாமே? கண்டக்டர் நல்ல மனுசர். மேல ஒரு தடவை பாத்தாராம், உன்னைய ஒரு தடவை பாத்தாராம். "வண்டி அம்புட்டு தூரம் போகாது"ன்னுட்டாராம். வண்டியில பாதிப்பேரு சிரிச்சானாம், மீதிப்பேரு கும்பிட்டானாம்.

அது ஸ்வார்கேட், மருமவனே. ஸ்வார்னா குதிரைமேல இருக்கிற ஆளு. கேட் வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன கேட். குதிரைக்காரக காவல் நின்ன வாசல்னு ஊர்க்காரக காரணம் சொல்லுதாக. இங்கிலீஷ் போர்டுல எழுத்தெல்லாம் தோளோட தோள் ஒட்டி நிக்கி. எந்த எழுத்துக்கு முந்தி வெட்டணும்னு போர்டு சொல்லாது. 'க'வுக்கு முந்தி வெட்டினா குதிரைக்காரன் வாசல். நீ அதைத் தாண்டி வெட்டினே, சொர்க்கம் வந்துருச்சு. போகட்டும், 2024 செப்டம்பர்ல மெட்ரோவும் ஸ்வார்கேட் வரைக்கும் வந்தாச்சு. இனிமே அதுலயே போ. மிஷின் டிக்கெட் குடுக்கும். மிஷின் சிரிக்காது.

இதுல உன் தப்பு பாதி, எழுத்தோட தப்பு பாதின்னு உனக்காக நானே வாதாடிப் பாத்தேன். நம்ம எழுத்துக்கு ஒரு நாணயம் உண்டு. மெய்யெழுத்துன்னா தலையில புள்ளி. தொல்காப்பியரே அதைச் சொல்லி வச்சுட்டாரு. 'க'ன்னு எழுதினா 'க', புள்ளி வச்சா 'க்'. இதுல ஏமாத்து வேலை கிடையாது. மராத்திக்காரன் எழுதுற எழுத்துல அந்தப் புள்ளி வாய்க்குள்ள இருக்கும். 'சதாசிவ'ன்னு எழுதுவான், 'சதாஷிவ்'னு வாசிப்பான். கடைசியில நிக்கிற அகரத்த விழுங்கிருவான். அதைக் காட்டுறதுக்கு எழுத்துக்குக் காலடியில இழுக்கிற ஒரு கோடு அவுககிட்டயும் உண்டு. ஆனா இந்த மாதிரி இடத்துல போட மாட்டாக. ஊருக்கே தெரிஞ்ச விஷயத்துக்கு எதுக்குக் கோடுன்னு விட்டுட்டாக. நீ ஊருக்குப் புதுசு, உனக்குத் தெரியல.

கடைசியில மட்டும் விழுங்கினா சமாளிச்சுக்கலாம். நடுவுலயும் விழுங்குவாக. நான் வேலை பாத்த கட்கியை எடுத்துக்கோ. பாறைக்கு மராத்தியில கடக். அதுக்குப் பின்னால ஒரு 'ஈ' வந்து ஒட்டினா கட்கி. நடுவுல இருந்த 'ட' வெறும் 'ட்' ஆயிருச்சு பாத்தியா? கடைசி 'க்' உசுரு வந்து எந்திரிச்சதும், அதுக்கு முந்தி நின்னது உசுர விட்டுட்டுது. வெள்ளைக்காரனுக்கு இந்தக் கண்கட்டு வித்தை பிடிபடல, கிர்க்கீன்னு எழுதிட்டான். 1817-ல பேஷ்வா படையும் கம்பெனிப் படையும் இங்க மோதின சண்டைய இங்கிலீஷ் புஸ்தகத்துல அந்தப் பேர்லதான் தேடணும். 1869-ல அவன் இங்க வச்ச வெடிமருந்துத் தொழிற்சாலையிலயும் அதே பேரத்தான் எழுதி மாட்டினான். ஆட்சி கையில இருந்தா வெட்டத் தெரியாதவன் எழுதினதும் பேராயிரும். உனக்கு ஆட்சி இல்ல, அதனால கண்டக்டர் சிரிச்சாரு.

இனிமேத்தான் நீ காதைக் குடுக்கணும். ஒட்டுச்சொல்லு வந்தா இந்த விழுங்கல் தன் இஷ்டத்துக்கு நடக்காது. ஒவ்வொரு துண்டும் தனியா நின்னா எப்படி விழுங்குமோ, ஒட்டின பிறகும் அப்படியே விழுங்கும். விமான் தனி, நகர் தனி. ஒட்டினா விமான்நகர். புரண் தனி, போளி தனி, தட்டுல வரும்போது புரண்போளி. லோக் தனி, சபா தனி. நம்ம ஊர்ப் பேப்பர்ல லோக்சபான்னு 'க்'குக்குப் புள்ளி வச்சுப் போடுதாகளே, அந்தப் புள்ளி வடக்கத்தி வாயில இருந்து வந்தது. ஆகமொத்தம், ஒட்டு எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் எங்க விழுங்கணும்னு தெரியும். ஒட்டு தெரியாதவன் ஒண்ணு முழுசும் மெல்லுவான், இல்லாட்டி எலும்போட விழுங்குவான்.

ஷனிவார்வாடாவுக்கு உன்னையக் கூட்டிட்டுப் போனேனே, ஞாபகம் இருக்கா? முதல் பாஜிராவ் 1730 ஜனவரி 10-ல அடிக்கல் வச்ச கோட்டை வீடு. அன்னைக்குச் சனிக்கிழமை. வாடான்னா பெரிய மாளிகை. நீ என்ன செஞ்சே? ஆட்டோக்காரர்கிட்ட 'சனிவாரா'ன்னு இழுத்து நிறுத்தி, மூச்சு வாங்கி, 'வாடா'ன்னு தனியா ஒரு அதட்டுப் போட்டே. நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிஞ்சிருந்தா அடுத்த சனிக்கிழமை வரைக்கும் அங்கேயே நின்னிருப்போம்.

பேட் சமாச்சாரமும் இருக்கு. சதாசிவ் பேட், நாராயண் பேட், புத்வார் பேட், ரவிவார் பேட்னு பழைய புனே முழுக்கப் பேட்தான். வாரத்துல இருக்க ஏழு நாளுக்கும் ஒரு பேட் உண்டு. பானிபட்டுல 1761-ல செத்த சதாசிவராவ் பாவு பேர்ல ஒண்ணு, நானா பட்னவிஸ் பேர்ல ஒண்ணு. நம்ம சைதாப்பேட்டை, ராணிப்பேட்டையில இருக்கிற அதே பேட்டைதான். ஆனா ஒட்டுற விதம் வேற. நம்மாளு வாய்ல சதாசிவம் பேட்டையோட ஒட்டினா 'ம்' ஓடிப்போயி ஒரு 'ப்' முளைக்கும், சதாசிவப்பேட்டை. ஒட்டுற இடத்துல நமக்குச் சதை போடும், அவுகளுக்கு இளைக்கும். நீ சதாசிவப் பேட்டுன்னு ரெண்டையும் கலந்து சொன்னியே, அது இங்கயும் செல்லாது, அங்கயும் செல்லாது. அந்தப் பேட்டுக்காரக குசும்பு ஊர் அறிஞ்சது. கடை வாசல்ல அவுக மாட்டுற போர்டுல இருக்கிற நையாண்டிக்கு முன்னால நானெல்லாம் எல்.கே.ஜி.

சதை போடுற நம்ம ஒட்டையாவது நீ ஒழுங்காப் படிச்சியா? பிளஸ் டூ வரைக்கும் தமிழ் எடுத்த பிள்ளை, ஊர்ல தலைவருக்கு ஒரு மனு எழுதுனியே, நான் படிச்சேன். "ஏழைக் குடும்பம் என்பதால் ஐயா அவர்கள் வேலைக் கொடுத்து உதவ வேண்டுகிறேன்"னு இருந்துச்சு. வேலை கொடுன்னா உத்தியோகம். வேலைக் கொடுன்னா முருகன் கையில இருக்கிற வேல். தலைவரு எங்க போவாரு பாவம், திருச்செந்தூருக்குப் போயி வாங்கிட்டு வரணும். நடுவுல ஒரே ஒரு 'க்'. அது கூடினா ஆயுதம், குறைஞ்சா சம்பளம். எங்க காலத்துல தமிழையா இந்த 'க்'குக்காகவே பிரம்பு வச்சிருந்தாரு. உங்க காலத்துல பிரம்ப எடுத்துட்டாக, 'க்' இஷ்டத்துக்குத் திரியுது.

எழுத்துல வித்தியாசமே தெரியாத ஒட்டும் உண்டு. தொல்காப்பியத்துக்கு உரை எழுதினவுக 'செம்பொன்பதின்தொடி'ன்னு ஒரு உதாரணம் காட்டுவாக. தொடிங்கிறது ஒரு நிறை அளவு. செம்பொன் பதின்தொடின்னு வெட்டினா தங்கம் பத்துத் தொடி. செம்பு ஒன்பதின்தொடின்னு வெட்டினா செம்பு ஒம்பது தொடி. நகைக்கடைக்காரர் பில்லு போடும்போது முதல் மாதிரி வெட்டுவாரு, நிறுத்துக் குடுக்கும்போது ரெண்டாவது மாதிரி வெட்டுவாரு. இப்படி எழுத்து ஒண்ணாவும் பொருள் வேறாவும் வந்தா என்ன செய்யிறது? ஓசையில மாத்திச் சொல்லித்தான் காட்டணும்னு தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துலயே சொல்லிட்டுப் போயிட்டாரு. நீ கதவச் சாத்திக்கிட்டுப் படிக்கிற பாடம் அதுதான். உங்க வாத்தியார் குரல ஏத்தி இறக்கிச் சொல்லிக் குடுக்காரே, அந்த ஏத்த இறக்கத்த நம்மாளு 'இசை'ன்னு ஒரு வார்த்தையில முடிச்சுட்டாரு.

சரி, நார்வேக்கு வருவோம். கதவுல காதை வச்சு நானும் கொஞ்சம் தேறியிருக்கேன். சரியான்னு பாரு. அவுக ஒட்டுச்சொல்லுல சதை போடுறதும் விழுங்குறதும் பெரிசில்ல. முதல் துண்டுமேல ஏறி உக்காந்து அழுத்துவாக. பின்னால வர்ற துண்டுக்கு மிச்சம் மீதிதான். ஆனா பொருளுக்குச் சொந்தக்காரன் கடைசித் துண்டு. மெல்கெஷொகொலாடென்னா பால் கலந்த சாக்லேட்டு, தின்கிறது. ஷொகொலாடெமெல்க்னா சாக்லேட்டு கலந்த பாலு, குடிக்கிறது. மாட்டுவண்டி வண்டி, வண்டிமாடு மாடு. நம்ம கணக்குத்தான். நம்ம வீட்டுலயும் அப்படித்தானே, முதல்ல கேக்குற சத்தம் உங்க அத்தையோடது, வீட்டுப் பத்திரம் எம்பேர்ல. மெதுவாப் பேசு, அடுக்களையிலதான் இருக்கா.

அந்த மெல்க்குக்குப் பின்னால ஒரு 'எ' முளைச்சுதே, கவனிச்சியா? சில இடத்துல அப்படி ஒரு 'எ' வரும், சில இடத்துல 'ஸ்' வரும். ஆர்பைட் வேலை, ப்ளாஸ் இடம். ஒட்டினா ஆர்பைட்ஸ்ப்ளாஸ். "இந்த ஸ் எதுக்கு மாமா, அர்த்தமே இல்லியே"ன்னு அலுத்துக்கிட்டே. மரத்தடியில இருக்கிற 'அத்து'க்கு என்னடா அர்த்தம்? பிறந்ததுல இருந்து அதைச் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கே? சாரியைன்னு நம்ம இலக்கணத்துல பேரு வச்சுக் குடியும் வச்சாச்சு. அவன் சாரியைக்கு மட்டும் கணக்குக் கேக்குதே.

அங்க ஒட்ட வேண்டியதை வெட்டி எழுதினா ஆபத்து. ரொய்க்னா புகை, ஃப்ரிட்னா இல்லாதது. ஒட்டி எழுதி, முதல் துண்டுல அழுத்திச் சொன்னா 'புகை பிடிக்காத இடம்'. நடுவுல இடம் விட்டு எழுதினா ரெண்டு துண்டும் தனித்தனியா அழுத்தம் வாங்கிக்கிட்டு, 'தாராளமாப் புகை பிடி'ன்னு ஆயிரும். போர்டு எழுதின கவர்மெண்டே பீடி நீட்டுன கதை. லம்மெகொடெலெட்டெர்னா ஆட்டுக்குட்டிக் கறித்துண்டு. அதையும் வெட்டி எழுதினா முடக்குவாதம் வந்த கறித்துண்டாம். இங்கிலீஷப் பாத்துப் பாத்து இளவட்டங்க எல்லாத்தையும் வெட்டி எழுதுதாகன்னு அங்க இருக்கிற பெருசுகளும் புலம்புதாகளாம். பெருசுகள் எங்கயும் ஒரே ஜாதிதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம் இன்னொண்ணு. 'பென்னெர்'னு நீ அன்னைக்கு அரைமணி நேரம் சொல்லிக்கிட்டே கிடந்தே. ஒரு ராகத்துல சொன்னா சம்சாரிக, நம்மள மாதிரி வெவசாயி. இன்னொரு ராகத்துல சொன்னா பீன்ஸு. எழுத்துல ஒரு 'ட' வித்தியாசம் உண்டாம், வாயில அது கேக்காதாம், ராகம் மட்டுந்தானாம். நீ அங்க போயி ஹோட்டல்ல உக்காந்து, ராகம் தப்பி, ரெண்டு சம்சாரிய வேகவச்சுக் கொண்டான்னு சொல்லிராதே. நம்ம நாட்டுல சம்சாரி ஏற்கெனவே வெந்துதான் கிடக்கான். இந்த ராகத்துக்கு பயப்படவும் வேண்டாம். ரெண்டு ராகமும் இல்லாமலே பேசுற வட்டாரமும் நார்வேயில உண்டாம். மராத்தியில தனிச்சொல்லுக்கு அழுத்தத்துனால பொருள் மாறாது, தமிழ்லயும் மாறாது, அதனால உன் நாக்கு அந்தப் பக்கம் திரும்ப முரண்டு பிடிக்கும். பிடிக்கட்டும்.

நீ என்னமோ தமிழனுக்கும் மராத்திக்காரனுக்கும் நார்வேக்கும் சம்பந்தமே இல்லன்னு நெனச்சுக்கிட்டிருக்கே. டெக்கான் காலேஜுல மொழியியல் படிக்கிற பிள்ளை ஒண்ணு எனக்கு ஒரு சேதி சொன்னுச்சு. கிரியர்சன்னு ஒரு வெள்ளைக்காரர் இந்தியாவுல இருக்கிற பாஷையெல்லாம் கணக்கெடுத்துப் பெரிய பெரிய புஸ்தகமாப் போட்டாரே, அதுல மராத்திக்கு 1905-ல வந்த தொகுதியையும், தமிழ் உள்ளிட்ட திராவிட மொழிகளுக்கு 1906-ல வந்த தொகுதியையும் தயார் பண்ணினது ஸ்டென் கொனோவ். நார்வேக்காரர். ஒரு மனுசர் நம்ம பாஷையையும் இந்த ஊர்ப் பாஷையையும் துண்டு துண்டா வெட்டிப் பாத்து எழுதி வச்சுட்டாரு, மருமவனே. அவரு நாட்டுக்குச் சம்பளத்துக்குப் போற நீ, இருக்கிற ஊர்ல ஒரு பஸ் ஸ்டாண்ட வெட்டத் தெரியாம நிக்கே.

எதிர்ப்பக்கத்துல இருந்து போனவுகளும் இருக்காக. யாழ்ப்பாணத்துல பிறந்து, சின்னப் பிள்ளையா நார்வேக்குப் போன கம்சாயினி குணரத்தினம் 2015-ல ஒஸ்லோவுக்குத் துணை மேயரானாக. 2021-ல பார்லிமெண்டுக்கும் போயிட்டாக. அங்க மேயருக்கு என்ன பேரு தெரியுமா? ஊர்ஃபோரெர். ஊரை நடத்துறவர்னு நீ சந்தோசப்படாதே, அவுக 'ஊர்'ங்கிறது நம்ம ஊரில்ல, 'சொல்லு'. எழுத்துல ஒரு 'ட்'டும் உண்டு, அதை விழுங்கிட்டாக. துணை மேயருன்னா அதுக்கு முன்னால ஒரு 'வாரா' ஒட்டும். மூணு துண்டு ஒட்டின பதவிய ஒரு தமிழ்ப் பொண்ணு வகிச்சிருக்கு. உனக்கு ரெண்டு துண்டு ஸ்வார்கேட்டுல மூச்சு முட்டுது.

அதனால என் யோசனை இது. வாத்தியார்கிட்ட கேள்வி கேக்காதே, கேட்டா உனக்குத் தெரியலன்னு தெரிஞ்சு போகும். போர்டப் பாத்தே பேசு, காதை வாடகைக்கு விட்டுரு. யாராவது சிரிச்சா உன் அழகப் பாத்துத்தான் சிரிக்காகன்னு வச்சுக்கோ. இப்படியே இருந்தா நார்வேயில நல்ல பேரு எடுத்துருவே, ஒட்டுச்சொல்லாவே வைப்பாக. இந்த யோசனை பிடிக்காட்டி இன்னொண்ணு இருக்கு. காலையில பஸ்ஸுல ஏறு, ஹிஞ்ஜ்வடி வரைக்கும் வாயத் திறக்காதே. ஊர்க்காரக ஒவ்வொரு பேரையும் எந்த இடத்துல விழுங்குதாகன்னு மட்டும் கேட்டுக்கிட்டே போ. உங்க ஆபீஸ் போர்டுல 'ஹிஞ்ஜ'வுக்கு ஒரு அகரம் போட்டிருக்கும், வேறொரு போர்டுல அதே இடத்துல எகரம் இருக்கும். ஊர்க்காரக வாயில என்ன வருதுன்னு கேட்டுக்கோ.

சாயங்காலம் வரும்போது அரைக்கிலோ பாகர்வடி வாங்கிட்டு வா. பாகர் தனி, வடி தனி, 'வ' குறில். இங்கிலீஷ் எழுத்தப் பாத்து 'வாடி'ன்னு நீட்டிராதே, கடையில நிக்கிற பொண்ணு நம்ம ராஸ்தா பேட் தமிழ்ப் பொண்ணா இருந்துச்சுன்னா பொட்டலத்துக்குப் பதிலா வேற ஏதாவது வாங்கிட்டு வருவே. ஒரு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் பழைய புனேக் கடைக்காரகள்ல பாதிப்பேரு தூங்கப் போயிருவாக. நாலுக்கு மேல போ.